கட்-ஆஃப் கோடும் காத்திருக்கும் பெற்றோரும்

திருத்தணி போன்ற சிற்றூர்களில், கோடை தொடங்கும் நாட்களில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகள் சிலவற்றில் ஒரு தனிக் கவலை குடியேறுகிறது. பிள்ளை உதவித்தொகைத் தேர்வு எழுதியிருக்கிறான். விடைக்குறிப்பைப் பார்த்து மதிப்பெண்ணையும் கணக்கிட்டாயிற்று. ஆனால் அந்த மதிப்பெண் போதுமா, போதாதா என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. 'இந்த ஆண்டு கட்-ஆஃப் எவ்வளவு வரும்?' என்று பள்ளி ஆசிரியரிடமும், பக்கத்து வீட்டாரிடமும், தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்பவர்களிடமும் தந்தையர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். விடை தெரிந்தவர் எவருமில்லை. கோடு எங்கே விழும் என்பது பட்டியல் வெளியாகும் நாளில்தான் தெரியும்.

இக்கவலைக்கு முதன்மைக் காரணமாக இருப்பது தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் திட்டம். மத்திய அரசு இதை 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் புதிய உதவித்தொகைகள். அவற்றுள் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் பயிலும் ஏழை மாணவர்கள் இத்தேர்வை எழுதலாம். மனத்திறனுக்கு 90 வினாக்கள், படிப்புத் திறனுக்கு 90 வினாக்கள். தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும்.

இங்கே பெற்றோர் பலரும் ஒன்றெனக் கருதிக் குழம்பும் கோடுகள் உண்மையில் இரண்டு. முதலாவது, தேர்ச்சிக் கோடு. பொதுவாக இரு தாள்களிலும் சேர்த்து 40 விழுக்காடு, பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 32 விழுக்காடு. இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, மாறாதது. இரண்டாவதுதான் கட்-ஆஃப். தேர்ச்சி பெற்றோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மாநில அரசின் இடஒதுக்கீட்டு முறைப்படி இடங்களை நிரப்பி வருகையில், கடைசி இடத்தைப் பெறும் பிள்ளையின் மதிப்பெண்ணே கட்-ஆஃப் ஆகிறது. ஆகவே அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிரிவுக்குப் பிரிவும் மாறும். நாற்பது விழுக்காட்டைக் கடந்த பிள்ளைக்கும் தொகை கிடைக்காமற் போவது இதனால்தான். அப்பிள்ளை தோற்கவில்லை, அவனுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிட்டன.

அப்படியாயின் இந்தக் கோடு எதனை அளக்கிறது? பிள்ளையின் அறிவையா, கொடுப்பவர் ஒதுக்கிய தொகையையா? இவ்வினாவுக்கு வரலாறு நல்ல விடை வைத்திருக்கிறது.

கற்பவனுக்கு உணவும் உறைவிடமும் தந்து ஆதரிக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் மிகப் பழையது. மதீனாவின் பள்ளிவாசலையொட்டிய திண்ணையில் தங்கிக் கல்வி கற்ற ஏழைத் தோழர்களை அவ்வூர் மக்களே உணவளித்துப் பேணினர். பின்னர் பதினோராம் நூற்றாண்டில் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா 1067இல் திறக்கப்பட்டது. வக்ஃபு வருவாயிலிருந்து மாணவர்களுக்கு உதவி வழங்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. அம்மதரஸாவில் 1091இல் ஆசிரியப் பொறுப்பேற்றவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அவர்தம் இளமையைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் செய்தி, காத்திருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

கஸ்ஸாலியின் தந்தை தூஸ் நகரில் கம்பளி நூற்று வாழ்ந்த ஏழை. மரணத் தறுவாயில் தம் இரு மைந்தரையும், தாம் சேர்த்து வைத்திருந்த சிறு தொகையையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர்களுக்குக் கல்வி புகட்டுமாறு வேண்டிக்கொண்டார். அத்தொகை விரைவில் கரைந்துபோயிற்று. நண்பரும் ஏழையே. 'மாணவர்க்கு உணவளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று அவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். இஸ்லாமிய உலகின் பேரறிஞருள் ஒருவரை நமக்குக் காத்துத் தந்தது, ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த அந்த ஏற்பாடே. அன்று அக்கதவு மூடியிருப்பின், கம்பளி நூற்பவர் ஒருவரின் பெயரறியா மைந்தனாகவே அவர் மறைந்திருக்கக் கூடும்.

நம் நாட்டில் இவ்வரலாற்றுக்குச் சிறந்த சான்று வங்காளத்து ஹாஜி முஹம்மது முஹ்ஸின். பெருஞ்செல்வரான அவர் 1806இல் தம் சொத்தை அறப்பணிகளுக்கென வக்ஃபு செய்தார். அவ்வருவாயைக் கொண்டு 1836இல் ஹூக்ளி கல்லூரி தோன்றிற்று. ஆயினும் அங்கே முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே பயின்றனர். ஒரு முஸ்லிமின் அறக்கொடை அவருடைய சமுதாயத்து ஏழைப் பிள்ளைகளை எட்டவில்லையே என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது. இறுதியில் 1873இல் அரசு அம்முறையை மாற்றி, நிதியை மதரஸாக்களுக்கும் முஸ்லிம் மாணவர்களின் கட்டண உதவிக்கும் திருப்பிற்று. பணம் அதே பணம். பிள்ளைகளும் அதே பிள்ளைகள். விதி மாறியவுடன் அதுவரை வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தனர்.

1882ஆம் ஆண்டின் கல்விக் குழுவும், வில்லியம் ஹண்டர் தலைமையில், இவ்வழியிலேயே சிந்தித்தது. முஸ்லிம் மாணவர்க்குப் படிநிலைதோறும் தனி உதவித்தொகைகள் வேண்டும், பொது நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டணமில்லா இடங்களில் ஒரு பங்கு அவர்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என அது பரிந்துரைத்தது. ஆனால் அரசை மட்டும் நம்பி நம் முன்னோர் அமர்ந்திருக்கவில்லை. 1902இல் சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் எழுந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிற்று. விடுதலைக்குப் பின், 1951இல், சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் உருவாயின.

திருத்தணிக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலைக்கோயிலால் அறியப்படும் இவ்வூரில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். உள்ளூரில் தொடங்கிய அவரது கல்வி, திருப்பதி, வேலூர் எனத் தொடர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நிறைவுற்றது. அப்பயணம் நெடுகிலும் அவரைத் தாங்கியது உதவித்தொகையே. உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் பாடநூல்கள் கையில் இருந்ததால்தான் அவர் தத்துவத்தையே பாடமாகத் தேர்ந்தார் என்பர். செலவைக் குறைக்க எடுத்த முடிவு ஓர் உலகத் தத்துவ அறிஞரை உருவாக்கிற்று.

இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாமின் கதையும் இதற்கு இணையானது. சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்நகையை மீட்க வேண்டுமாயின் நன்கு படித்து உதவித்தொகை பெறுவதொன்றே வழி எனக் கலாம் உறுதிகொண்டார். பின்னர் வடிவமைப்புப் பணி ஒன்று தாமதமானபோது, மூன்று நாட்களில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் எனப் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் எச்சரித்த செய்தி யாவரும் அறிந்தது. குடியரசுத் தலைவர் மாளிகையை அடைந்த இவ்விருவரும் ஒரு காலத்தில் உதவித்தொகையின் விளிம்பில் நின்ற மாணவர்களே.

கோடு என்பது மனிதர் வரைவது என்பதற்குத் திருத்தணி மண்ணே இன்னொரு பாடம். இராதாகிருஷ்ணன் பிறந்தபோது இவ்வூர் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. எல்லைப் போராட்டத்திற்கும் படாஸ்கர் தீர்வுக்கும் பின் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பிற்று. வீடும் பள்ளியும் நின்ற இடத்திலேயே நின்றன. பிள்ளை எந்த மாநிலத்தவன் என்பது மட்டும் மாறிற்று. இன்றும் இங்குள்ள தமிழ் முஸ்லிம் பிள்ளை 3.5 விழுக்காட்டு முஸ்லிம் உள்ஒதுக்கீட்டில் வருகிறான். எல்லைக்கு அப்பால் நகரியில் இருக்கும் முஸ்லிம் பிள்ளை ஆந்திரத்தின் வேறொரு பிரிவில் வருகிறான். சில மைல் தூரம், இருவேறு கணக்கு.

அண்மைக் காலத்தையும் நோக்குவோம். சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையில், நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடாக இருக்க, முஸ்லிம்களிடையே அது 59.1 விழுக்காடே என்ற 2001ஆம் ஆண்டுக் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. 2008இல் சிறுபான்மையினர்க்கான பள்ளிப்படிப்பு உதவித்தொகை தொடங்கிற்று. முந்தைய தேர்வில் 50 விழுக்காடு பெற்றிருந்தால் போதும். விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால், மதிப்பெண்ணைவிட வறுமைக்கே முதலிடம் என அதன் விதி கூறிற்று. அங்கே கோடு மதிப்பெண்மீது விழவில்லை, அடுப்பின்மீது விழுந்தது. 2022இல் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் அத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. நேற்றுவரை தகுதி பெற்றிருந்த பிள்ளை இன்று தகுதியற்றவன் ஆனான். அவனிடம் எந்த மாற்றமும் இல்லை.

மாற்றம் மறுபுறமாகவும் நிகழும். தொடக்கத்தில் குறிப்பிட்ட தேசியத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஒன்றரை இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சமாக உயர்ந்தது. தொகையும் 2017இல் 6,000இலிருந்து 12,000 ஆயிற்று.

ஆதலால், அன்பிற்குரிய பெற்றோரே, பட்டியல் வெளியாகும் நாளில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லாவிடினும், 'நீ இவ்வளவுதான்' என்னும் சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அச்சொல்லை நெடுநாள் சுமப்பான். ஒரு மதிப்பெண்ணில் தவறிய மகனைக் கடைக்கு அனுப்புவதும், மகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்துவதும், கொடுப்பவரின் கைச் சுருக்கத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பதாகும். வாய்ப்புகள் இதனோடு முடிவதில்லை. பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு மாதம் 1,500 ரூபாய் வீதம் ஈராண்டு தருகிறது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் உண்டு. பெயர் வந்த பிள்ளையின் பெற்றோரும் அயர்ந்துவிடலாகாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலும் தொகை தொடர, பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் இடம்பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம், நல்ல செயலே. அதே நாளில், கோட்டுக்குச் சற்றே கீழே நின்றவர் யார் என்னும் கணக்கையும் எடுப்போம். ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 33 ரூபாய்க்கும் குறைவு. ஒரு தெருவின் சில குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளை ஏற்கலாம். அரசின் கோட்டை நாம் இன்றே மாற்ற இயலாது. நம் ஊரின் கோட்டை நாம் வரையலாம்.

கஸ்ஸாலியின் தந்தை விட்டுச்சென்ற பணம் தீர்ந்த அன்று, பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஒரு நண்பரும், உணவளிக்க ஒரு மதரஸாவும் இருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவ்விரண்டும் கிடைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.