என்.ஏ.ஏ.சி.பி.: நிறுவுநர்களும் அவர்கள் விட்டுச்சென்ற மரபும்

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைகளுக்காக 1909ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு ‘நிறத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம்’. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது என்.ஏ.ஏ.சி.பி. என அழைக்கப்படுகிறது. இழைக்கப்படும் கொடுமையைப் பதிவு செய்வது, பதிவை அச்சிட்டு நாடறியச் செய்வது, அதையே சான்றாகக் கொண்டு நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் அணுகுவது என்பதே நிறுவுநர்கள் வகுத்த வழி. அவர்களுள் பலர் தாம் தொடங்கிய பணியின் பலனைக் காணாமலேயே மறைந்தனர்.

ஸ்பிரிங்ஃபீல்ட் கலவரம்

இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்ட், ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஊர். அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். 1908 ஆகஸ்ட் 14 அன்று, குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்த கறுப்பினத்தவர் இருவரைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி வெள்ளையர் கும்பல் ஒன்று அங்கே திரண்டது. அவ்விருவரும் இரகசியமாக வேறு ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டதை அறிந்ததும், கும்பலின் வெறி கறுப்பின மக்களின் குடியிருப்புகள் மீது திரும்பியது. வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. முடிதிருத்துநரான ஸ்காட் பர்ட்டனும், காலணி தைக்கும் முதியவரான வில்லியம் டோனெகனும் கொல்லப்பட்டனர். கலவரத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பாலியல் குற்றச்சாட்டு பொய் என்பதை அதைச் சுமத்திய பெண்ணே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இத்தகைய வன்முறையைத் தென் மாநிலங்களின் நோயாகவே வட மாநிலத்தவர் கருதிவந்தனர். லிங்கனின் ஊரிலேயே அது நிகழ்ந்தது அந்த எண்ணத்தைத் தகர்த்தது.

அழைப்பும் நிறுவுநர்களும்

பத்திரிகையாளர் வில்லியம் இங்லிஷ் வாலிங் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு நேரில் சென்று, தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதினார். கறுப்பின மக்களின் உதவிக்கு வரக்கூடிய வலுவான அமைப்பு எதுவும் நாட்டில் இல்லையே என்பது அவருடைய ஆதங்கம். அதைப் படித்த சமூகப் பணியாளர் மேரி வைட் ஓவிங்டன் அவருக்குக் கடிதம் எழுதினார். 1909 சனவரியில் நியூயார்க்கில் வாலிங்கின் வீட்டில் அவர்களும், யூதரான சமூகப் பணியாளர் ஹென்றி மாஸ்கோவிட்சும் கூடிப் பேசினர்.

அடிமை முறைக்கு எதிராகப் போராடிய வில்லியம் லாயிட் காரிசனின் பேரன் ஆஸ்வால்ட் காரிசன் வில்லார்ட், தேசிய மாநாட்டுக்கான அழைப்பை எழுதினார். லிங்கனின் நூற்றாண்டு நாளான 1909 பிப்ரவரி 12 அன்று அது வெளியிடப்பட்டது. அந்நாளே சங்கத்தின் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. அழைப்பில் ஒப்பமிட்ட சுமார் 60 பேரில் கறுப்பினத்தவர் 7 பேர் மட்டுமே. அவர்களுள் அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், ஐடா பி. வெல்ஸ், மேரி சர்ச் டெரல் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

வெள்ளையர் முன்னின்ற முயற்சி என்பதால் கறுப்பினத் தலைவர்கள் சிலருக்கு ஐயம் இருந்தது. 1892இல் மெம்ஃபிஸ் நகரில் தம் நண்பர்கள் மூவர் கொல்லப்பட்டதிலிருந்து இத்தகைய கொலைகளை ஆவணப்படுத்தி வந்தவர் வெல்ஸ். அதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது. அவரும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தகையவரின் பெயரே முதல் செயற்குழுப் பட்டியலில் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின்னரே சேர்க்கப்பட்டது. நிறுவுநர்களைப் போற்றும்போது இந்த மனக்கசப்பையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

1910இல் நடந்த இரண்டாம் மாநாட்டில் சங்கத்துக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. வழக்கறிஞர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி தலைவரானார். முதல் நிர்வாகிகளுள் டு பாய்ஸ் ஒருவரே கறுப்பினத்தவர்.

பதிவு என்னும் ஆயுதம்

1910 நவம்பரில் டு பாய்ஸ் ‘தி கிரைசிஸ்’ இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 1,000 படிகள் அச்சாயிற்று. பத்தாண்டுகளுக்குள் விற்பனை 1,00,000 படிகளைத் தொட்டது.

1889 முதல் 1918 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட 3,224 பேரின் விவரங்களைச் சங்கம் திரட்டி 1919இல் நூலாக வெளியிட்டது. வெளிர்நிறத் தோற்றம் கொண்ட வால்டர் வைட், வெள்ளையரைப் போல் கொலை நடந்த ஊர்களுக்குள் சென்று, கொன்றவர்களின் வாயிலிருந்தே உண்மையை அறிந்துவந்தார். ஒவ்வொரு கொலைச் செய்தி வந்ததும் நியூயார்க் அலுவலகச் சாளரத்தில் அதை அறிவிக்கும் கறுப்புக் கொடி தொங்கவிடப்பட்டது. கட்டட உரிமையாளரின் நெருக்கடியால் 1938இல் அது நிறுத்தப்பட்டது.

கும்பல் கொலையைத் தடுக்கும் டயர் மசோதா 1922 சனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆனால் செனட் சபையில் தென் மாநில உறுப்பினர்கள் அதை முடக்கினர். அத்தகைய கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தாக 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றப் பாதை

1915இல், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைத் தடுக்க ஓக்லஹோமா மாநிலம் கொண்டுவந்த ‘பாட்டனார் விதி’ செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1917இல், குடியிருப்புகளை நிற அடிப்படையில் பிரித்த லூயிவில் நகர விதி தள்ளுபடியானது. இரு வழக்குகளிலும் சங்கத்தின் பங்கு பெரிது.

கல்வித்துறையில் வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் படிப்படியான உத்தியை வகுத்தார். முதலில் சட்டக் கல்லூரிகள், உயர்கல்வி நிறுவனங்கள், பிறகு பள்ளிகள். 1950இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் துர்குட் மார்ஷல் வாதாடிய பிரவுன் வழக்கில், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அமைப்பு தொடங்கி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1967இல் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

கிளைகள் கொடுத்த விலை

தலைமையகத்தின் சாதனைகளுக்குப் பின்னால் சிற்றூர்க் கிளைகளின் துணிவு இருந்தது. மாண்ட்கோமரி பேருந்து மறியலுக்கு வித்திட்ட ரோசா பார்க்ஸ், அந்நகரக் கிளையின் செயலாளராகப் பணியாற்றியவர். புளோரிடாவில் சங்கத்தைக் கட்டியெழுப்பிய ஆசிரியர் ஹாரி டி. மூரும் அவர் மனைவி ஹாரியட்டும் 1951 கிறிஸ்துமஸ் இரவில் வீட்டில் வெடித்த குண்டுக்குப் பலியாயினர். மிசிசிப்பி களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் 1963 சூன் 12 அன்று தம் வீட்டு வாசலில் சுடப்பட்டார். கொலையாளி தண்டிக்கப்பட்டது 1994இல்தான்.

உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்குமாறு அலபாமா அரசு கோரியபோது சங்கம் மறுத்தது. பெயர் வெளியானால் வேலையும் வீடும் உயிரும் போகலாம் என்ற நிலை. அம்மறுப்பு சரியே என 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியத் தொடர்பு

‘தி கிரைசிஸ்’ இந்திய விடுதலைப் போராட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தது. 1929 சூலை இதழில் காந்தியின் செய்தி வெளியானது. 1946இல் அம்பேத்கர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனு பற்றிக் கேட்டறிந்தார். தீண்டப்படாதோரின் நிலையும் கறுப்பினத்தவரின் நிலையும் ஒத்திருப்பதை அவர் அதில் சுட்டிக்காட்டினார்.

மரபு

டு பாய்ஸ் 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ராவில் காலமானார். மறுநாள் வாஷிங்டன் பேரணியில் திரண்டிருந்த மக்களிடம் அச்செய்தியை அறிவித்தவர் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ராய் வில்கின்ஸ். அடுத்த ஆண்டு குடிசார் உரிமைச் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின.

2024 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஃபீல்ட் கலவரம் நிகழ்ந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. எரிந்த வீடுகளின் அடித்தளங்கள் அங்கே மண்ணுக்குள் கண்டறியப்பட்டிருந்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன் வாலிங் எழுதிவைத்த கொடுமைக்கு அவையும் இன்று சான்றாக உள்ளன.