பாத்திஹா

பாத்திஹா என்பது குர்ஆனின் முதல் அத்தியாயம். ஏழு வசனங்கள் கொண்டது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் இச்சொல், மறைந்தவர் பெயரால் அதை ஓதி உணவு பகிரும் சடங்கையே பெரும்பாலும் குறிக்கிறது. ஓதியதன் நன்மையை இறந்தவருக்குச் சேர்க்கும்படி இறைவனிடம் வேண்டுவதை அரபியில் ‘ஈசால் ஸவாப்’ என்பர்.

இவ்வழக்கம் செழித்தது சூஃபி மரபில்தான். இறைநேசரின் மறைவைப் பிரிவாகக் கருதாமல் காதலனான இறைவனோடு கூடும் நாளாக அம்மரபு கொண்டது. அதனால்தான் நினைவுநாளுக்கு ‘உரூஸ்’, அதாவது திருமணம், என்று பெயர் வந்தது. தரீக்கா எனப்படும் ஒவ்வொரு சூஃபி நெறியும் தன் குருமார்களின் பெயர்த்தொடரை நபிகள் வரை கொண்டுசென்று ஓதும். இத்தொடர் ‘சில்சிலா’ எனப்படும். பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் காதிரிய்யா தரீக்கா தமிழகத்தில் ஆழ வேரூன்றியது. இங்கே அவர் முகையதீன் ஆண்டவர், தக்கனி உருதுவில் தஸ்தகீர்.

இவ்விரு மொழியினரும் அருகருகே வாழ்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு சேலம், நாமக்கல் சமவெளி. இங்கே தமிழ் பேசும் ராவுத்தர் முஸ்லிம்களும் தக்கனி உருது பேசுவோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஹைதர் அலி காலத்திலும், பின்னர் 1792இல் ஆங்கிலேயர் வசமாகும்வரையும் இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலியின் மகனுக்குத் திப்பு என்ற பெயரே ஆற்காட்டு இறைநேசர் திப்பு மஸ்தான் நினைவாக வைக்கப்பட்டது. சங்ககிரி மலைக்கோட்டையில் பெருமாள் கோயிலும் தஸ்தகீர் பெயர் தாங்கிய தலமும் ஒரே மலையில் உள்ளன.

வீட்டுச் சடங்கு எளியது. பாயில் வெள்ளைத்துணி விரித்து, நெய்ச்சோறும் இனிப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, ஊதுபத்தி கொளுத்துவர். ஓதி முடித்து துஆ (இறைவனிடம் வேண்டுதல்) கேட்கும்போது தாத்தா, பாட்டி, அவர்களுக்கும் முந்தியோர் எனப் பெயர்கள் வரிசையாக வரும். சில்சிலாவின் ஒழுங்கு இங்கே குடும்ப அளவில் எதிரொலிக்கிறது எனலாம். தமிழ் வீடுகளில் பகிரும் பண்டம் ‘நார்சா’. உருது வீடுகளில் ‘நியாஸ்’. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு நிறைவு ஆகியவை வழக்கமான நாள்கள். ஷஅபான் மாதத்தின் 15ஆம் இரவில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதி, கபர்ஸ்தானுக்கு (அடக்கத்தலத்துக்கு) ஜியாரத் சென்று வருவோரும் உண்டு.

1980களிலிருந்து வலுப்பெற்ற தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) இயக்கம் இவற்றை நபிவழியில் இல்லாதவை என்று எதிர்க்கிறது. மரபுவழி சுன்னத் ஜமாஅத்தின் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஆதரிக்கின்றனர். மறைந்தவருக்காக துஆ கேட்பதையோ அவர் சார்பில் தர்மம் செய்வதையோ எதிர்ப்போரும் மறுப்பதில்லை. நாள் குறித்து ஓதுவதும் இறைநேசர் அடங்கிய தர்காவில் வேண்டுவதும்தான் சர்ச்சைக்குரியவை.