பெட்டியை உடைத்த விலை

மதுரைக்கெனத் தனிப் பங்குச்சந்தை இருந்ததில்லை. சென்னைக்கு இருந்தது, 1990களில் கோவைக்கும் வந்தது. கீழமாசி வீதி மொத்த வியாபாரிக்குப் பருப்பு விலை அறிய விருதுநகர் மார்க்கெட் நிலவரம் உண்டு. பங்கு வாங்கிவைத்த மதுரைக்காரருக்கு அப்போதெல்லாம் மறுநாள் பேப்பரில் வரும் பொடி எழுத்து விலைதான். சந்தையின் இரைச்சல் எட்டாத இப்படிப்பட்டவர்களுக்கென்றே பிறந்தது போன்றது ‘பிரேக்அவுட்’ பார்க்கும் முறை: நெடுநாள் தாண்டாத எல்லையை விலை உடைத்து வெளியேறும் தருணத்தைப் பிடிப்பது.

அதன் மூலத்தை ஜப்பானிய அரிசி வியாபாரி ஹொம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். அழகான கதை, ஆனால் கேண்டில் சார்ட் எனும் விலை வரைபடத்தை அவர்தான் வரைந்தார் என்பதற்கு ஆதாரம் மெலிவு. எனக்கு 1867இல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கிய டிக்கர் நாடாதான், தந்திவழி வந்த விலைகளை அச்சிட்ட காகிதச் சுருள்தான், தொடக்கம். விலையும், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் அதில் சேர்ந்தே வந்தன. நாடாவை வாசிப்பது எப்படி என்று ரிச்சர்ட் வைகாஃப் 1910இல் புத்தகமே போட்டார்.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? ஒரு பங்கு மாதக்கணக்கில் 90க்கும் 100க்கும் நடுவே கிடக்கிறது என்று வையுங்கள். 100இல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், “அசல் வந்தாப் போதும்ப்பா” என்று காத்திருப்பார்கள். விலை 100ஐத் தொடும்போதெல்லாம் விற்றுத் தள்ளுவார்கள். அத்தனை சரக்கையும் யாரோ வாங்கித் தீர்த்தால்தான் விலை 101இல் நிற்கும். வாங்கித் தீர்த்ததன் தடயமே வால்யூம் எனப்படும் அந்த எண்ணிக்கை. எட்வர்ட்ஸும் மகீயும் 1948இல் எழுதிய நூல் இதை விதியாக்கியது: மேலே உடைக்க வால்யூம் வேண்டும், கீழே விழ அது தேவையில்லை. விழுவதற்கு வாங்க ஆளில்லாமல் போனாலே போதுமே!

இந்த முறையில் பேர் வாங்கிய நிக்கோலஸ் டார்வாஸ் ஒரு நடனக்காரர். 1950களின் பிற்பகுதியில் உலகப் பயணத்தில் இருந்தபடி தந்தியிலேயே பங்கு வாங்கி விற்றார். நாள் கடந்து கைக்கு வரும் வாரப் பத்திரிகையும் புரோக்கர் அனுப்பும் விலைகளும்தான் அவருக்குக் கிடைத்தவை. விலை ஊசலாடும் எல்லையைப் ‘பெட்டி’ என்றார். லோரிலார்டு சிகரெட் கம்பெனிப் பங்கு 24–27 டாலர் பெட்டியில் கிடந்தபோது, 27½ஐத் தொட்டால் வாங்கு என்று ஆர்டர் வைத்தார். வாங்கியதும் விலை சரிந்து, நஷ்டத்தை நிறுத்த அவர் வைத்திருந்த ஸ்டாப்லாஸ் 26இல் அடித்து, பங்கு விற்றுப்போனது. திரும்ப ஏறியதும் 28¾இல் மறுபடி வாங்கினார். வெட்கப்படாமல் கூடுதல் விலைக்கு வாங்கிய அந்தத் துணிச்சலை நான் மெச்சுகிறேன். 1960இல் அவர் எழுதிய புத்தகம் பெட்டியை உலகமெங்கும் கொண்டுபோனது.

டார்வாஸுக்கு நாள் கடந்து கிடைத்தது நம்மூருக்கு நொடியில் கிடைக்க வழி பிறந்தது பின்னால்தான். 1994 நவம்பரில் இந்தியாவின் தேசியப் பங்குச்சந்தை பங்கு வர்த்தகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. பிறகு மொட்டைமாடியில் விசாட் எனும் செயற்கைக்கோள் கிண்ணம் வைத்த புரோக்கர் ஆபீஸில், மும்பைக்காரர் பார்க்கும் அதே விலையை வெளியூர்க்காரரும் அதே நொடியில் பார்த்தார்.

ஆனால் திரையில் தெரியும் வால்யூமையும் ஜோடிக்கலாம். சின்னக் கம்பெனிப் பங்குகளை, விலையை ஆட்டிவைக்கும் ஆபரேட்டர்கள் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி விற்று வால்யூம் காட்டுவதுண்டு. அதனால் விவரமானவர்கள் சாயங்காலம் சந்தை வெளியிடும் டெலிவரிக் கணக்கையும் திறக்கிறார்கள்: கைமாறியதில் எத்தனை பங்கு அன்றே திரும்ப விற்கப்படாமல் டீமேட் கணக்குக்குப் போனது என்று.