கணக்கு காட்டாதவரின் மாமனார்

கப்பல் எஞ்சின் அறையில் எந்த பம்பை எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பார்க்கணும் என்பதற்கு அட்டவணை உண்டு. பார்த்ததை எழுதியும் வைக்கணும். 1998-லிருந்து பல வகைக் கப்பல்களுக்கு இது சர்வதேச விதியாகவே கட்டாயமாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது கடல் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூர்.

குடவோலை ஊர்தானே என்பீர்கள். அதேதான். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. தேர்தல் என்றதும் எல்லோரும் ஓலையையும் குடத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஜெயித்தவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஆறு பேருக்கு ஏரி வாரியம்.

ஏரியும் ஒரு வகையில் இயந்திரம்தான். கரை, மதகு, கலங்கல், எல்லாம் தேயும். ஒவ்வொரு மழைக்கும் வண்டல் வந்து படியும். ஒரு வருஷம் விட்டால் ஒன்றும் தெரியாது, இருபது வருஷம் விட்டால் ஏரியே மேடாகிவிடும். அதனால்தான் பராந்தகனுக்கு நூறு வருஷம் முன்பே, பல்லவன் தந்திவர்மன் காலத்தில், இவ்வூர் வயிரமேகத் தடாகத்தை வருஷா வருஷம் தூர்வாரப் பொன் கொடுத்து வைத்தார்கள். உடைந்த பிறகு வசூல் பண்ணும் ஏற்பாடு இல்லை இது.

வாரியத்தாருக்குப் பதவி 360 நாள். குற்றம் கண்டால் உடனே நீக்கம். மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வர முடியாது. ஆனால் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்த அனுபவசாலிகளைத்தான் சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கச் சொல்கிறது. கற்ற கை வீணாகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தகுதியிழப்புப் பட்டியல். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமா? அப்பா, மகன், அண்ணன் தம்பி, அத்தை மகன், மாமனார், மருமகன், மச்சினன், அக்கா புருஷன் எல்லோரும் அவுட்! ஒரு ஏரிக் கணக்கு பாக்கியிருந்தால் அந்த வீட்டுக் கல்யாணப் பந்தியில் என்ன பேச்சு நடந்திருக்கும்?

கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி. நேர்மையாகச் சம்பாதிப்பவர்தான் எழுதலாம். தன் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் ஒப்படைத்து, சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகே மறுபடி அந்த வேலை. முக்கியமாக, தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்டணும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கரைப் போடக்கூடாது.