பற்றைக் காணியும் உண்ணிக் காய்ச்சலும்

மாரி தொடங்கினால் தென்மராட்சியிற் காய்ச்சலும் தொடங்கும் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கண்டுவரும் உண்மை. வந்தது இன்ன காய்ச்சல் எனத் தெரியாவிடின் அதற்கு 'மர்மக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். 2024 டிசம்பரிற் குடாநாட்டிற் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது இச்சொல்லே வாய்க்கு வாய் உலவியது. பின்னர் அஃது எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தெரியாது. ஆதலாற் பெயரைப் பற்றிய ஆராய்ச்சி வெறும் ஏட்டுப் படிப்பன்று.

மாரிகாலத்து நோய்களுள் மற்றொன்று உண்ணிக் காய்ச்சல். இப்பெயரே நம்மைத் திசைதிருப்பக் கூடியது. உண்ணி என்றவுடன் மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கிடக்கும் பூச்சியே நம் கண்முன் வருகிறது. அவ்வகை உண்ணிகள் பரப்பும் காய்ச்சல்களும் இலங்கையில் உண்டு. ஆயின் வடபகுதியிற் பெரிதும் பேசப்படும் பற்றைக் காய்ச்சலைப் பரப்புவது, கண்ணுக்கு எளிதிற் புலனாகாத சிற்றுண்ணியின் குஞ்சு. அது புல்லிலும் பற்றையிலும் காத்திருந்து, எலியிலோ மனிதரிலோ ஒருமுறை தொற்றி உண்ணும். தாயிலிருந்து முட்டைக்கும் கிருமி கடந்து செல்வதால், நோய் குறிப்பிட்ட நிலத்துண்டோடு ஒட்டி நிலைத்துவிடுகிறது. நோயாளியைத் தொடுவதால் இது பிறருக்குத் தொற்றுவதில்லை.

இதன் வரலாற்றை முதலில் எழுதியவர்கள் உழைப்பாளரே எனலாம். ஜப்பானின் நீகாத்தா, அக்கித்தா பகுதிகளில் ஆற்றுவெள்ளம் வடிந்த கரைநிலங்களில் வேலை செய்த விவசாயிகள் ஆண்டுதோறும் மடிந்தனர். ஆபத்தை அவர்கள் அறிந்திருந்தனர். பசி அதனினும் பெரிதாயிருந்தது. அம்மைக்கு நம்மவர் கோயில் எழுப்பியது போல, அவர்களும் அச்சிற்றுண்ணிக்குக் கோயில் எழுப்பினர். நோய்க்கிருமிக்கு 1930 இல் நாகயோவும் 1931 இல் ஓகாத்தாவும் பெயரிட்டனர்.

மலாயாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே எழுதுவினைஞராகப் போய் ஓய்வூதியத்தோடு திரும்பிய 'மலாயாப் பென்சனியர்' கட்டிய கல்வீடுகளை நாம் அறிவோம். அதே மலாயாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிற் கூலிகளை இக்காய்ச்சல் தாக்கியது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூத்வெயிற், சவூர் ஆகிய இருவரும் அந்நாட்டுப்புறக் காய்ச்சலும் ஜப்பானிய நோயும் ஒன்றே என 1940 இல் நிறுவினர். 1948 இல் அதே நகரில் ஸ்மேடல் தலைமையிலான குழுவினர் குளோரம்பெனிக்கோல் கொடுத்து நோயாளரைக் குணப்படுத்திக் காட்டினர். இவ்விரைவுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையிலும் இலங்கையிற் பயிற்சி பெற்ற படையினரிடையிலும் இந்நோய் பரவியிருந்தது. கூலி மாண்டபோது மெல்ல நடந்த ஆராய்ச்சி, சிப்பாய் மாண்டபோது ஓடத் தொடங்கியது.

இனி நம் மண்ணை நோக்குவோம். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். 2000 இல் நடந்த போரிற் சாவகச்சேரி நகரமே சிதைந்து, தென்மராட்சியாரும் ஊரை விட்டு ஓடினர். 2002 போர்நிறுத்தத்தின் பின் திரும்பியவர்களை வரவேற்றவை கூரையிழந்த வீடுகளும், வளவுகளை மூடிய பற்றைகளுமே. 2014 இல் பிரதீபன், கேதீசன், முருகானந்தன் ஆகியோர் வட இலங்கையில் எழுந்துவரும் நோயாக இதனைக் குறித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். வட பகுதியிற் பணியாற்றிய படையினரிடமும் இவ்வகைக் காய்ச்சல் காணப்பட்டதாக அதே ஆண்டில் மற்றோர் ஆய்வு கூறியது. பற்றையின் உண்ணி சீருடையையும் சாரத்தையும் பேதம் பார்ப்பதில்லை.

நோயை அறிவது எவ்வாறு? கடியுண்ட ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலையிடி, உடலுளைவு, நெறிகட்டல் ஆகியன தோன்றும். கடித்த இடத்திற் சிகரெட்டாற் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு உண்டாகலாம். அது நோவதில்லை; அக்குள், அரை, இடுப்பு, மார்பின் கீழ் என மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். எனவே நோயாளி சொல்லமாட்டார். குறிப்பாகப் பெண்கள் கூச்சத்தால் மறைப்பர். தேடிப் பார்ப்பவருக்கே அது தென்படும். எல்லோரிடமும் அது தோன்றுவதுமில்லை.

உயிரணுவுக்குள் வாழும் இக்கிருமியைப் பெனிசிலின் இன மருந்துகள் வெல்லா. டொக்சிசைக்கிளின் குளிசையே முதன்மை மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பர். உரிய நேரத்திற் தொடங்கினால் இரண்டு நாளிற் பெரும்பாலும் காய்ச்சல் தணியும். பிந்தினால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். உண்ணியால் வரும் நோய்கள் யாவும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் 1911 இற் கண்டறியப்பட்ட துலரேமியாவும் புண்ணும் நெறியும் உண்டாக்கும். கடுமையான நிலையில் அதற்கு வேண்டியது ஸ்ரெப்ரோமைசின் அல்லது ஜென்ராமைசின் ஊசி. எனவே தானாக மருந்து வாங்கி விழுங்காது, வைத்தியரிடம் 'பற்றையில் வேலை செய்தேன்' என்று சொல்வதே அறிவு. அந்த ஒரு வாக்கியம் பரிசோதனைக்கூடத்து முடிவு வருமுன் வைத்தியருக்கு வழிகாட்டும்.

ஆனால் அவ்வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? இன்று தென்மராட்சியிற் பல காணிகளின் உரிமையாளர் கடல் கடந்து வாழ்கின்றனர். அக்காணிகளிற் பற்றை வளர்கிறது. விற்பனைக்கோ வீடு கட்டுதற்கோ அதனை வெட்டித் துப்புரவாக்குபவர் சொந்தக் காணியற்ற நாட்கூலி. காய்ச்சலென்று ஒருநாள் படுத்தாற் கூலி இல்லை. ஆகவே பனடோல் இரண்டை விழுங்கிவிட்டு மறுநாளும் கத்தியை எடுக்கிறார். நீகாத்தாவின் ஆற்றங்கரை விவசாயிக்கும் இவருக்கும் இடையே நூறாண்டு கடந்துள்ளது. நிலைமை அதிகம் கடக்கவில்லை.

குறைந்த விலைக்குக் கிடைக்கும் மருந்து இருந்தும் ஒருவர் இந்நோயால் இறப்பாராயின், அது விதியின் குற்றமாகாது. வேலை கொடுப்போர் நீண்ட காற்சட்டை, சப்பாத்து, பூச்சி விரட்டும் தைலம் ஆகியவற்றையும் கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றும் வழக்கத்தை மாணவர் தம் வீடுகளுக்கு எடுத்துச் செல்லட்டும். காய்ச்சலோடு படுத்திருக்கும் அயலவரிடம் 'அண்ணை, எந்தக் காணியிலை நிண்டனீங்கள்?' என்று கேட்க நம் பிள்ளைகள் பழகுவார்களாயின், நாம் கற்பிக்கும் விஞ்ஞானம் பரீட்சைத் தாளைத் தாண்டிவிட்டது என்று மகிழலாம்.