மணித்தொழில்: பண்டைத் தமிழகத்தில் கல்லும் கண்ணாடியும்

கல்லைத் தேய்த்துத் துளையிட்டும், கண்ணாடியை உருக்கி இழுத்தும் அணிமணிகள் செய்த தொழில். கொங்கு நாடு, பழனி மலையடிவாரம், வைகைக் கரை, புதுச்சேரிக் கடற்கரை ஆகிய இடங்களில் இதற்கு அகழாய்வுச் சான்றுகள் உள்ளன. தேனி மாவட்டத்தின் போடிமெட்டு மலையடிவாரமும் இந்த மணி உலகத்துக்குப் புறம்பானதல்ல. போடிநாயக்கனூரை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆறு வைகைப் படுகையைச் சேர்ந்தது. அதே வைகையின் கீழ்ப்பகுதியில்தான் சூதுபவளமும் படிகமும் கண்ணாடி மணியும் தந்த கீழடி இருக்கிறது. போடியில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையல், ஏலமலையின் அடிவாரம் வரை வணிகம் நடந்ததற்குச் சான்று.

தொழிலின் தலைமை இடம் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில் அமைந்த இவ்வூரே பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது, கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் 2012இல் அதைத் தொடர்ந்தது. கச்சாக்கல், பாதி செதுக்கியது, மெருகிட்டும் துளையிடாதது, முழுதாய் முடிந்தது என்று எல்லா நிலைகளிலும் மணிகள் கிடைத்தன. வாங்கி விற்ற ஊராக மட்டும் இருந்திருந்தால் அரைகுறை மணிகளுக்கு அங்கே வேலையில்லை. பட்டறைகள் இங்கேயே இருந்தன.

ஊரின் அமைவிடமே அதன் செல்வம். பச்சை நிறப் பெரில் கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, படிகத்துக்கு வெங்கமேடு: எல்லாம் எட்டும் தொலைவில். கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குச் செல்லும் பெருவழியும் இவ்வூரைத் தொட்டே சென்றது. கொங்கில் கிடைக்காத கல்லும் தேடி வந்தது. சூதுபவளம் குஜராத்திலிருந்தும், லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்தன. ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன என்றால், இறந்தவருக்கு உயிரோடிருந்தவர்கள் காட்டிய மதிப்பை அளந்துகொள்ளலாம். பெரில் கல்லுக்கு ரோமில் இருந்த மோகத்தை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு வெளியே அது அரிது என்பதும் அவர் குறிப்பே.

கண்ணாடியின் கதை வேறு. கல் கிடைக்குமிடத்தில்தான் கிடைக்கும். கண்ணாடிக்கு மணலும் காரமும் நெருப்பும் கைப்பழக்கமும் போதும். பழனிக்குத் தென்மேற்கே மலையடியிலுள்ள பொருந்தலில் 2009-10இல் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே ஒரு கல்லறையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே கல்லறையில் கிடைத்த புரிமனையில் (கலம் வைக்கும் வளையத்தில்) தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் 'வய்ர' என்று பொறிக்கப்பட்டிருந்தது.

புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதை ரோமானிய வணிகத்தலமாகவே பார்த்தார். குறுகிய பார்வை அது. அரிக்கமேடு முதன்மையாக ஒரு தொழிலூர். உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கிய சிறுமணிகள் அங்கே உருவாயின. அத்தகைய மணிகளை ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்றார். தாய்லாந்தின் குளோங் தோமிலும் வியட்நாமின் ஓக் ஏயோவிலும் இவ்வகை மணிகள் கிடைக்கின்றன. குளோங் தோமில் 'பெரும்பத்தன் கல்' என்று தமிழில் பொறித்த பொற்கொல்லர் உரைகல்லும் கிடைத்தது. மணி போன இடத்துக்கு மனிதரும் போயிருக்கிறார்கள்.

உடைந்த படிகத்தால் செய்யப்படுவதால் இந்தியக் கண்ணாடிக்கு நிகரில்லை என்பதும் பிளினியின் கூற்று.

இன்று திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் குடிசைத்தொழில் நடக்கிறது. கண்ணாடிக் குழல் இழுக்கும் பழைய முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் கைக்கொள்ளப்பட்டது.