பெரியம்மா பூட்டிய வீடு

இரண்டு நாள் திருப்பதி போவதென்றாலும் கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று மூன்று தடவை பார்க்கிறேன். அப்போதெல்லாம் பெரியம்மா சொன்ன கதை நினைவுக்கு வரும்.

1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுவிட்டார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்ற பயம்.

திருவல்லிக்கேணியில் பெரியம்மாவும் வீட்டை ஒழுங்குபண்ணினார். வெண்கலப் பாத்திரங்களை மூட்டை கட்டிக் கிணற்றில் இறக்கினார். அரிசியையும் புளியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பசுவை என்ன செய்வது? எழும்பூரில் மனுஷருக்கே ரயிலில் இடமில்லை. தெருக்கோடி பால்காரரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாராம்.

திண்டிவனத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பெருமுக்கல். கடலுக்குப் பயந்து கிளம்பியவர்கள் மரக்காணம் உப்பு வண்டிகள் போகிற சாலைக்கே வந்து சேர்ந்ததை என் அப்பா கடைசிவரை கேலி செய்வார்.

சில மாதங்களில் திரும்பினார்கள். பூட்டு அப்படியே இருந்தது, கிணற்றில் பாத்திரமும் இருந்தது. பால்காரர் குடும்பத்தோடு எங்கோ போயிருந்தார்.

1943 அக்டோபரில் நிஜமாகவே ஒரு ஜப்பான் விமானம் வந்து சென்னையில் குண்டு போட்டது. பெரியம்மா அசையவில்லை. "கொட்டில்தான் காலியாச்சே, இனி யாரை ஒப்படைச்சுட்டுப் போறது?" என்றாராம்.